பித்தக்கற்கள்: பைக்கல் வேறு, நாளக்கல் வேறு

(அங்கத்தினர் கல்விப் பகுதி: உடல்நலப் பாடம்)

நெசவாளருக்குக் கையும் கண்ணும் மூலதனம். விவசாயிக்குத் தோளும் முதுகும் மூலதனம். இந்த மூலதனத்துக்குச் சேமநிதி கிடையாது. ஒரு வீட்டில் தறி ஒரு மாதம் ஓய்ந்தால் கூலி நின்றுபோகிறது. கூலி நின்றால் சங்கத்துக் கடன் தவணை தவறுகிறது. பல வீடுகளில் தவணை தவறினால் சங்கமே தளர்கிறது. ஆகவே நோயைப் பற்றிய பாடம் கூட்டுறவுக் கல்விக்குப் புறம்பானதன்று.

நாம் அறிந்த குழித்தறி நெசவாளர் ஒருவர். நடுத்தர வயதுடைய அம்மையார். அவருக்கு ஒரு நாள் வயிற்று வலியும் குளிர் காய்ச்சலும் வந்து, கண்கள் மஞ்சளித்தன. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சென்றார்கள். அங்கே வயிற்றை அறுக்காமல், வாய் வழியாக ஒரு குழாயைச் செலுத்தி, பித்தநாளத்தில் அடைத்திருந்த கல்லை எடுத்து, உள்ளே ஒரு சிறு வடிகுழாயையும் வைத்து அனுப்பினார்கள். “மூன்று மாதத்தில் வந்து வடிகுழாயை எடுத்துக்கொள்ள வேண்டும்; பித்தப்பையையும் அகற்ற வேண்டும்” என்று சீட்டில் எழுதியிருந்தது. ஒரு வாரத்தில் அம்மையார் எழுந்து நடமாடினார். சீட்டு, சங்கத்துப் பாஸ்புத்தகத்தோடு பெட்டிக்குள் போயிற்று. தீபாவளிக்குச் சேலை முடிக்கும் வேலை வந்தது. பின்னர் மகளின் திருமணம் வந்தது. பதினான்கு மாதங்கள் கழித்து ஓர் இரவு மீண்டும் நடுக்கலும் காய்ச்சலும் காமாலையும் வந்தன. வடிகுழாய் அடைபட்டு, அதைச் சுற்றிப் புதிய கல் கட்டியிருந்தது. இரு முறை சிகிச்சை செய்து அவரைப் பிழைக்க வைத்தார்கள். ஆயினும் தறி ஐந்து வாரம் ஓய்ந்தது. திருமணக் கடனும் தவணை தவறிற்று.

அவர் அசட்டையானவர் அல்லர். “அறுக்காமலே கல்லை எடுத்துவிட்டார்கள்” என்று ஊரார் சொன்னதை நம்பி, வேலை முடிந்தது என்று எண்ணினார். எடுக்கப்பட்ட கல் எது, எஞ்சியிருந்த கல் எது என்பதை அவருக்கு எடுத்துச் சொல்வார் இல்லை. அதைச் சொல்வதே இப்பாடத்தின் நோக்கம்.

1. பித்தநீர் செல்லும் வழி

கல்லீரல் நாளொன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை பித்தநீரைச் சுரக்கிறது. உணவிலுள்ள எண்ணெயும் நெய்யும் செரிப்பதற்கு இந்நீர் வேண்டும். இது பாயும் வழியை நம் பாசன முறையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். கல்லீரல் ஊற்று, பித்தநாளம் வாய்க்கால், பித்தப்பை அவ்வாய்க்காலின் பக்கத்தே வெட்டிய சிறு குட்டை, நாளம் முன்சிறுகுடலில் திறக்கும் இடம் மதகு.

குட்டையாகிய பித்தப்பையில் 30 முதல் 50 மில்லிலிட்டர் நீரே கொள்ளும். அது நீரைத் தேக்கி, கெட்டியாக்கி வைத்திருந்து, நாம் உண்டவுடன் சுருங்கி வெளியே தள்ளுகிறது. வாய்க்காலாகிய நாளம் ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் அகலமே உடையது. மதகின் அருகே வேறொரு வாய்க்காலும் வந்து சேர்கிறது. அது கணையத்திலிருந்து செரிமான நீரைக் கொண்டுவரும் நாளம். இந்த அண்டை வாய்க்காலை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் இதைப் பற்றிப் பேசுவோம்.

2. கல் எவ்வாறு உண்டாகிறது?

தக்காளி விதையோ, சோற்றில் கிடந்த கல்லோ வயிற்றில் தங்கிப் பித்தக்கல் ஆவதில்லை. சர்க்கரைப் பாகில் நூலைத் தொங்கவிட்டுக் கற்கண்டு விளைவிப்பதை நாம் அறிவோம். பாகு அளவுக்கு மீறிச் செறிந்து அசையாது நின்றால் கட்டி விளைகிறது. பித்தநீரிலும் அவ்வாறே. அதிலுள்ள கொலஸ்டிரால் என்னும் கொழுப்பு, கரைந்திருக்கக்கூடிய அளவை மீறும்போதும், பை சரிவரச் சுருங்காது நீர் தேங்கும்போதும் கற்கள் விளைகின்றன. இரத்த அணுக்கள் மிகுதியாக அழியும் நோய்களில் பித்தத்தின் நிறப்பொருள் சேர்ந்து கருங்கற்கள் உண்டாகின்றன. நாளத்திலேயே கிருமி தங்கினால் பழுப்பு நிறமான மென்கற்கள் அங்கேயே உண்டாவதும் உண்டு.

பெண்களுக்கும், பல முறை கருவுற்றவர்களுக்கும், நாற்பது வயதைக் கடந்தவர்களுக்கும், உடல் பருத்தவர்களுக்கும், நீரிழிவு உள்ளவர்களுக்கும் இக்கற்கள் உண்டாகும் வாய்ப்பு மிகுதி. உடல் எடையை மிக விரைவாகக் குறைப்பவர்களுக்கும் நெடுநாள் பட்டினி கிடப்பவர்களுக்கும் உண்டாவது உண்டு.

3. ஒரே கல், இரண்டு நோய்

கல் பைக்குள் கிடப்பது ஒரு நிலை. நாளத்துக்குள் இறங்குவது வேறு நிலை.

பைக்குள் கல் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு எத்துன்பமும் இராது. வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கும்போதுதான் அது தெரியவரும். இத்தகையோரில் ஓர் ஆண்டில் நூற்றுக்கு ஒருவர் முதல் நால்வர் வரைக்கே வலி தோன்றுகிறது. எனவே, துன்பம் தராத பைக்கல்லுக்குப் பொதுவாகச் சிகிச்சை வேண்டியதில்லை. ஸ்கேனில் கல் தெரிந்தது என்பதற்காகக் கடன் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டாம். ஆயினும் சில கற்களையும் சில நோயாளரையும் டாக்டர் தனியே கருதுவார். அவர் சொற்படி நடக்க வேண்டும்.

பையின் வாயில் கல் சிக்கினால் வலி வருகிறது. வயிற்றின் வலப்புறம் மேலேயோ, நெஞ்சுக் குழியிலோ பிடித்து, முதுகுக்கும் வலத் தோளுக்கும் பரவி, அரைமணி முதல் சில மணி நேரம் நின்று தணியும். விருந்துண்ட இரவில் வருவது வழக்கம். பலர் இதை வாயு என்று எண்ணிச் சோடா குடித்துவிட்டு இருந்துவிடுகிறார்கள். வலி ஒருமுறை வந்துவிட்டால் மீண்டும் வரக்கூடும். அப்போது பையை அகற்றுவதே முறையான சிகிச்சை.

பைக்கல்லால் வலி கண்டவர்களில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது பேருக்கு நாளத்திலும் கல் இருக்கிறது. நாளம் அடைபட்டால் பித்தநீர் குடலுக்குப் போகாமல் இரத்தத்தில் ஏறுகிறது. கண் மஞ்சளிக்கிறது, சிறுநீர் கறுக்கிறது, மலம் வெளுக்கிறது, உடல் அரிக்கிறது. தேங்கிய நீரில் கிருமி பெருகினால் அது இரத்தத்தில் கலந்து உயிருக்கே உலை வைக்கும். மேலும், மதகிலே சிக்கிய கல் அண்டை வாய்க்காலையும் மறித்தால் கணையம் வீங்கிப் புண்படுகிறது. இதைக் கணைய அழற்சி என்பர். இதுவும் கொடியதே.

4. தாமதிக்கலாகாத குறிகள்

வலி, குளிர் நடுக்கத்தோடு கூடிய காய்ச்சல், காமாலை ஆகிய மூன்றும் சேர்ந்து வருவது நாளத்தில் கிருமி பெருகியதன் அறிகுறி என்று பிரெஞ்சு நாட்டு மருத்துவர் ஷார்க்கோ 1877இல் எழுதி வைத்தார். இன்றும் மருத்துவ மாணவர்கள் இதைக் கற்கிறார்கள். இம்மூன்றோடு நோயாளி பிதற்றினாலும், சோர்ந்து மயங்கினாலும், சிறுநீர் குறைந்தாலும் விடியும்வரை காத்திருத்தல் ஆகாது. அன்றே, அப்போதே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

காமாலை என்றவுடன் கீழாநெல்லியை அரைத்துக் கொடுப்பது நம் வீடுகளில் வழக்கம். கல்லீரலில் கிருமி தொற்றி வரும் காமாலை ஒன்று. வழி அடைபட்டு வரும் காமாலை மற்றொன்று. முதலாவது பலருக்குத் தானே தணிகிறது. அந்தப் புகழ் இலைக்குப் போய்ச் சேர்கிறது. இரண்டாவதோ, அடைப்பை நீக்கினாலன்றித் தீராது. வாய்க்காலில் பாறாங்கல் விழுந்து கிடக்கும்போது வயலுக்கு எருவிட்டுப் பயன் என்ன? எந்தக் காமாலையாயினும், அது எவ்வகை என்று இரத்தச் சோதனையாலும் ஸ்கேனாலும் முதலில் அறிந்துகொள்வதே அறிவுடைமை.

பைக்கல்லை அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எளிதில் காட்டும். நாளக்கல்லை அது சில வேளை காட்டாது விடும். ஐயம் இருந்தால் எம்.ஆர்.சி.பி. என்னும் காந்த ஸ்கேனோ, உள்நோக்குக் கருவியின் முனையில் அமைந்த ஸ்கேனோ செய்து உறுதிப்படுத்துவார்கள்.

5. உள்நோக்குக் கருவி வந்த வரலாறு

பித்தப்பையை அறுத்து அகற்றும் சிகிச்சையை முதன்முதல் செய்தவர் பெர்லின் நகரத்து லாங்கன்புக், ஆண்டு 1882. அதன்பின் நெடுங்காலம் பைக்கல்லாயினும் நாளக்கல்லாயினும் வயிற்றைத் திறந்துதான் எடுத்தார்கள்.

1957இல் அமெரிக்காவின் மிச்சிகனில் ஹிர்ஷோவிட்ஸ் என்னும் மருத்துவர் வளையக்கூடிய உள்நோக்குக் கருவியைப் பயன்படுத்தினார். நூலினும் மெல்லிய ஆயிரக்கணக்கான கண்ணாடி இழைகளைக் கற்றையாகச் சேர்த்து, அவற்றின் வழியே வயிற்றுக்குள் இருப்பதைக் கண்ணுக்குக் கொண்டுவருவது அக்கருவி. ஒரு முனையில் இழைகள் எந்த வரிசையில் உள்ளனவோ, மறு முனையிலும் அதே வரிசையில் இருக்க வேண்டும். பாவு நூலின் வரிசை மாறினால் சேலையின் கரை குலைவதுபோல, இழை வரிசை மாறினால் உருவம் குலைந்துவிடும். நெசவாளர்க்கு இதன் அருமை எளிதில் விளங்கும். இப்போது இழைக் கற்றைக்குப் பதிலாகக் கருவியின் முனையிலேயே சிறு காமிராவைப் பொருத்துகிறார்கள்.

1968இல் அமெரிக்க மருத்துவர் மக்கியூன் இத்தகைய கருவியின் வழியே மதகுக்குள் நுண்குழாயைச் செலுத்தியதை எழுதினார். ஜப்பானியர் அம்முறையைச் செம்மை செய்தனர். 1974இல் ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் கிளாசன், டெம்லிங் ஆகியோரும், ஜப்பானின் கியோட்டோவில் கவாய் என்பாரும் மதகை உள்ளிருந்தே கீறி அகலப்படுத்தும் முறையை அறிவித்தனர். அதுமுதல் வயிற்றை அறுக்காமலே நாளக்கல்லை எடுக்க வழி பிறந்தது.

6. கல்லை எடுக்கும் முறை

இச்சிகிச்சைக்கு ஈ.ஆர்.சி.பி. என்று பெயர். நோயாளி முன்னதாகச் சில மணி நேரம் உணவின்றி இருக்க வேண்டும். தூக்க மருந்தோ மயக்க மருந்தோ கொடுத்து, வாய் வழியாகக் கருவியை முன்சிறுகுடல் வரை செலுத்துவார்கள். மதகைக் கண்டதும் அதனுள் நுண்குழாயை நுழைத்து, எக்ஸ்ரேயில் தெரியக்கூடிய மருந்தைச் செலுத்திப் படம் பார்ப்பார்கள். கல் இருந்தால் மின்சாரக் கம்பியால் மதகைச் சிறிதளவு கீறியோ, காற்றுப் பையால் விரித்தோ வழியை அகலமாக்குவார்கள். பின்னர்ச் சிறு கம்பிக் கூடையாலோ, ஊதப்பட்ட சிறு பையாலோ கல்லை இழுத்துக் குடலில் விடுவார்கள். அது மலத்தோடு போய்விடும்.

பத்தில் ஒன்பது பேருக்கு இவ்வகையால் நாளம் சுத்தமாகிறது. கல் பெரிதாயின் அதனை உள்ளேயே நொறுக்குவதற்கும், லேசர் ஒளியால் உடைப்பதற்கும் கருவிகள் உள்ளன. ஒரே முறையில் முடியாவிட்டால் மறுமுறை செய்வதற்காக வடிகுழாயை வைத்து அனுப்புவார்கள். இக்குழாயையே ஸ்டென்ட் என்று கூறுகிறார்கள்.

7. இதன் அபாயங்கள்

அறுவை இல்லை என்பதால் அபாயமும் இல்லை என்று கருதலாகாது. இச்சிகிச்சைக்குப் பின் நூற்றுக்கு மூவர் முதல் பத்துப் பேர் வரைக்குக் கணைய அழற்சி உண்டாகிறது. அண்டை வாய்க்காலை நினைவில் வைக்கச் சொன்னது இதற்காகவே. பெரும்பாலும் அது சில நாட்களில் தணியும், சிலருக்குக் கடுமையாகும். அதைக் குறைக்க ஆசனவாய் வழியே இண்டோமெத்தசின் அல்லது டைக்ளோஃபெனாக் மருந்து வைப்பது இப்போது வழக்கம். நூற்றில் ஓரிருவருக்குக் கீறிய இடத்தில் இரத்தம் கசியலாம். மிக அரிதாகக் குடலில் துளை விழலாம்.

ஆதலின் சோதனை பார்ப்பதற்கென்று மட்டும் இதைச் செய்துகொள்ளலாகாது. நாளத்தில் கல் உண்டு என்று பெரும்பாலும் உறுதியான பின்னரே செய்ய வேண்டும். இரத்தம் உறையாமைக்கு மருந்து உண்பவர்களும், கருவுற்றவர்களும், மருந்து ஒவ்வாமை உள்ளவர்களும் முன்கூட்டியே அதைச் சொல்லிவிட வேண்டும். வீடு திரும்பிய பின் வயிற்று வலி மிகுந்தாலும், காய்ச்சல் வந்தாலும், ஓயாது வாந்தி எடுத்தாலும், மலம் கறுத்தாலும் உடனே திரும்பிச் செல்ல வேண்டும்.

8. இரண்டு பாக்கிகள்

இனி, இப்பாடத்தின் உயிர்நிலைக்கு வருகிறோம். நாளக்கல்லை எடுத்தபின் இரண்டு பாக்கிகள் நிற்கக்கூடும்.

முதற் பாக்கி வடிகுழாய். பிளாஸ்டிக்கால் செய்த வடிகுழாய் ஏறக்குறைய மூன்று மாதங்களில் அடைபடத் தொடங்கும். அது உள்ளே இருப்பது நோயாளிக்குத் தெரியாது, வலியும் இராது. அதுவே ஆபத்து. குறித்த நாளில் சென்று எடுத்தோ மாற்றியோ வர வேண்டும். மேலே கூறிய அம்மையாருக்கு நேர்ந்தது இப்பாக்கியால் வந்ததே.

இரண்டாம் பாக்கி பித்தப்பை. ஈ.ஆர்.சி.பி. நாளத்திலுள்ள கல்லை எடுக்கிறதேயன்றிப் பையிலுள்ள கற்களை எடுப்பதில்லை. வாய்க்காலைத் தூர்வாரிவிட்டுக் குட்டையில் கற்களை விட்டுவைத்தால், அவை மீண்டும் வாய்க்காலுக்கு வரும். எனவே பையில் கல் உள்ளவர்களுக்கு, உடல்நிலை இடங்கொடுத்தால், கூடிய விரைவில் பையை அகற்ற வேண்டும். மிக முதியவர்க்கும் மிக நலிந்தவர்க்கும் டாக்டர் வேறு முடிவு கூறலாம். சில இடங்களில் பையை அகற்றும்போதே நாளக்கல்லையும் எடுத்துவிடுகிறார்கள்.

பையை அகற்றுவதற்கும் இன்று பெரிய கீறல் வேண்டுவதில்லை. 1985இல் ஜெர்மனியில் எரிக் மியூஹே என்பார் லாப்ரோஸ்கோப் கருவியால் சிறு துளைகள் வழியே இதைச் செய்து காட்டினார். நம் நாட்டில் 1990இல் பம்பாய் ஜே.ஜே. மருத்துவமனையில் டாக்டர் உத்வாடியா இதைத் தொடங்கி வைத்தார். பொதுவாக ஓரிரு நாட்களில் வீடு திரும்பலாம். தறிக் குழியில் இறங்குவதற்கும் மூட்டை தூக்குவதற்கும் எப்போது தொடங்கலாம் என்று டாக்டரிடம் நம் தொழிலை விளக்கிக் கேட்டறிய வேண்டும். பை இல்லாமலும் பித்தநீர் நேரே குடலுக்குச் செல்லும். உண்பதற்கும் உழைப்பதற்கும் தடையில்லை. சிலருக்குச் சில காலம் மலம் இளகிப் போகலாம்.

9. கல்லைக் கரைக்க மருந்து உண்டா?

வாழைத்தண்டுச் சாற்றைச் சிறுநீரகக் கல்லுக்குச் சொல்வார்கள். பித்தக்கல்லுக்கும் சிறுநீரகக் கல்லுக்கும் யாதொரு உறவும் இல்லை. பொருளும் வேறு, வழியும் வேறு. எண்ணெயையும் எலுமிச்சைச் சாற்றையும் நிறையக் குடித்தால் மலத்தில் பச்சை உருண்டைகள் விழும். அவை கல் அல்ல, அவ்வெண்ணெயே திரண்டு உருண்டவை. அர்சோடியாக்ஸிகோலிக் அமிலம் என்னும் மாத்திரை சிறிய கொலஸ்டிரால் கற்களை மட்டும் மாதக்கணக்கில் கரைக்கும். நிறுத்தினால் பலருக்கு மீண்டும் உண்டாகும். எண்ணெய்ப் பண்டத்தைக் குறைத்தால் வலி குறையலாம், கல் கரையாது.

10. சங்கம் செய்யக்கூடியது

சங்கத்தால் நோயைத் தீர்க்க இயலாது; நாளை நினைவூட்ட இயலும். கடன் தவணைக்கு நாள் குறிக்கும் பேரேடு நம்மிடம் இருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் அங்கத்தினர் விரும்பினால், “வடிகுழாய் எடுக்க வேண்டிய நாள்” என்று ஒரு வரி குறித்துவைத்து, அந்நாளுக்கு ஒரு வாரம் முன்னதாகக் காரியதரிசி சொல்லியனுப்பலாம். இதற்குச் செலவு ஒன்றுமில்லை. படிக்கத் தெரிந்த இளைஞர் ஒருவர் நோயாளியோடு சென்று, சீட்டில் எழுதியிருப்பதைக் கேட்டறிந்து வரலாம். அரசின் மருத்துவக் காப்பீட்டு அட்டை உள்ளவர்கள், எந்தச் சிகிச்சைக்கு அது செல்லும் என்று ஆஸ்பத்திரியிலேயே முதலில் விசாரித்துக்கொள்வது நன்று.

அந்த அம்மையார் இப்போது தறியில் இருக்கிறார். வடிகுழாய் எடுத்தாயிற்று; பையும் அகற்றியாயிற்று. பெட்டிக்குள் இருந்த சீட்டு இன்று தறிக்கு எதிரே சுவரில் ஒட்டியிருக்கிறது. “எனக்கு இனி வேண்டாம்; வருகிறவர்கள் பார்க்கட்டும்” என்கிறார்.

படிப்பு வட்டத்தில் ஆராய வேண்டிய வினாக்கள்

1. பித்தப்பைக்கும் பித்தநாளத்துக்கும் உள்ள வேறுபாட்டை வாய்க்கால் உவமையால் விளக்குக.
2. துன்பம் தராத பைக்கல்லுக்குப் பொதுவாகச் சிகிச்சை வேண்டாம் என்பது ஏன்?
3. எந்த மூன்று குறிகள் சேர்ந்து வந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும்?
4. ஈ.ஆர்.சி.பி. செய்துகொண்டவருக்கு நிற்கக்கூடிய இரண்டு பாக்கிகள் யாவை? அவற்றைத் தீர்க்காவிட்டால் நேர்வது என்ன?
5. கையெழுத்திடும் முன் டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகளைத் தொகுத்து எழுதுக.
6. நம் சங்கத்தில் சிகிச்சை நாளை நினைவூட்டும் பொறுப்பை யார் ஏற்பது?